கொலம்பியாவில் அண்ணல் கற்ற அரசியல்

ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டிலிருந்து மேற்படிப்பை நாடும் மாணவன் மலையிறங்கித் திருப்பத்தூர் வரவேண்டும். அரசியல் அறிவியல் படிக்க விரும்புவதாக அவன் சொன்னால், “அதைப் படித்து என்ன பயன்?” என்று கேட்போர் உளர். அவ்வினாவிற்கு அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவமே விடையாகும்.

1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் அரசியலும் பயின்று அவர் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், திங்களுக்குப் பதினொன்றரை பவுன் வீதம் 3 ஆண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தார். படிப்பு முடிந்தபின் 10 ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்பாடு. 1913ஆம் ஆண்டு ஜூலையில், தம் 22ஆம் வயதில், அண்ணல் நியூயார்க் நகரை அடைந்தார்.

அவர் சேர்ந்த கொலம்பியா, 1754இல் தோன்றிய தனியார் பல்கலைக்கழகம். அங்கு அரசியல் அறிவியல் புலம் 1880இல் நிறுவப்பெற்றது. அவர் அங்கே எடுத்த பாடங்களின் கணக்கு நம் சிந்தனைக்குரியது: பொருளியல் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானிடவியல் 4. அரசியல் என்னும் தலைப்பில் அவர் கற்றவை மூன்றே!

இதன் பொருள் யாது? அரசை அறிய விரும்புவோன் பதவிகளின் பெயர்களை மட்டும் கற்றால் போதாது. வரி எவரிடமிருந்து வருகிறது, எவருக்காகச் செலவாகிறது, சமுதாயத்தில் எவன் மேல், எவன் கீழ் என்பவற்றையும் கற்க வேண்டும். 1916 மே 9இல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், அகமணமே சாதியின் உயிர்நிலை என்று அண்ணல் நிறுவினார். மாகாணங்களின் நிதி பற்றிய அவரது ஆய்வு 1925இல் நூலாயிற்று. 1927இல் முனைவர் பட்டம் கிடைத்தது.

எனினும் கல்வி மட்டுமே இழிவைத் துடைத்துவிடவில்லை. 1917இல் பரோடாவில் பணியேற்ற அம்மேதைக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் தம் பிறப்பை மறைத்துத் தங்கியிருந்த அவரை, தடியேந்தி வந்தோர் வெளியேற்றினர். தனியொருவன் உயர்ந்தால் போதாது, சட்டமும் அதிகாரமும் மாறவேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சியினும் வேறு சான்று வேண்டுமோ?

அவரே 1947 ஆகஸ்டில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். 1949 நவம்பர் 25ஆம் நாள் உரையில், அரசியலில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நெடுங்காலம் உடனிருக்க இயலா என்று எச்சரித்தார். 1952இல் கொலம்பியா அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் வழங்கிப் பெருமைப்பட்டது.

இளைஞர்களே! 1992இல் நிறைவேறிய 73ஆம் சட்டத் திருத்தத்தால் ஊராட்சிகளில் பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கிய இடங்கள் உண்டு. இடம் கிடைத்தும் கணக்கைப் படிக்கத் தெரியாவிடின், நாற்காலி நமதாகவும் ஆட்சி பிறருடையதாகவும் இருக்கும். வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் உங்களிடம் வேண்டுவது இதுவே: கிராம சபைக்குச் செல்லுங்கள், வரவு செலவைக் கேளுங்கள். அண்ணல் நியூயார்க்கில் கற்ற அரசியல், புதூர்நாட்டில் அவ்விடத்திலேதான் தொடங்குகிறது.