மெதுவாகப் பறந்த ஒன்றுக்கு அஞ்சலி

ராணுவக் கணக்கில் எல்-19, 1962-க்குப் பிறகு ஓ-1. எல்லோர் வாயிலும் பேர்ட் டாக். பிறந்தது 1949 டிசம்பரில், கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில், செஸ்னா விமான நிறுவனத்தில். எந்த ஆண்டு செத்தது என்பதில்தான் வழக்கு. 1975 என்பார்கள். 1972 என்பது என் கட்சி.

நல்ல குடும்பத்துப் பிள்ளை. தகப்பன் செஸ்னா 170, வசதியுள்ளவர்கள் நாலு பேராக ஏறிப் பறக்க வாங்கிய சொந்த விமானம். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிகளுக்குக் கண்ணாக இருந்த பைப்பர் கப் விமானங்கள் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் துணி போர்த்தியவை. அவற்றுக்குப் பதிலாக முழுக்க உலோகத்தில் ஒன்றை அமெரிக்கத் தரைப்படை கேட்டது. செஸ்னா தன் 170-ஐ எடுத்து, உடம்பை ஒடுக்கி, முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கை போட்டது. விமானி நேர்கீழே எட்டிப் பார்க்கும்படி பக்கக் கண்ணாடிகளை வெளிப்புறமாகச் சாய்த்தது. பின்னாலும் கூரையிலும் கண்ணாடி பதித்து, 213 குதிரைசக்தி இன்ஜினைப் பூட்டிக் கொடுத்தது. முதலில் கேட்டது 418. கொரியப் போர் மூண்டது, பிறகு வியட்நாம். கடைசியில் கட்டியது 3,400-க்கு மேல்.

பைப்பர் கப் பற்றிப் பேசினால் உடனே யாராவது சார்லஸ் கார்ப்பென்டரை இழுப்பார்கள். இல்லினாய் மாநிலத்துச் சரித்திர வாத்தியார். 1944-இல் பிரான்சில் தன் கப் விமானத்தில் பசூக்கா என்ற ராக்கெட் குழல்கள் ஆறைக் கட்டிக்கொண்டு ஜெர்மன் டாங்கிகள்மேல் பாய்ந்தவர். வீரர்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வகை விமானத்தின் நிஜமான ஆயுதம் ரேடியோ. ஒரு கப் சொல்லும் இடத்தில் ஒரு பீரங்கிப் படையே குண்டு போடும்போது ஆறு பசூக்கா எம்மாத்திரம்?

வியட்நாமில் பேர்ட் டாக் செய்த வேலையும் அதுதான். காட்டின்மேல் 700 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜெட் விமானிக்குக் கீழே பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. அவனுக்குக் காட்டிக்கொடுக்க, அதில் கால்வாசி வேகத்தில் ஒருவன் முன்பே சுற்றிக்கொண்டிருப்பான். ஃபேக் (ஃபார்வர்ட் ஏர் கன்ட்ரோலர்) என்று அவனைக் கூப்பிட்டார்கள். அவனிடம் மூன்று ரேடியோ: தரையில் இருப்பவர்களுக்கு ஒன்று, ஜெட்டுகளுக்கு ஒன்று, மற்ற ஃபேக்குகளுக்கு ஒன்று. மூன்றும் ஒரே சமயத்தில் கத்தும். எத்தனை ஜெட், என்ன குண்டு, நம் ஆட்கள் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் மெழுகுப் பென்சிலால் பக்கக் கண்ணாடியிலேயே கிறுக்கிக்கொள்வான். முன்கண்ணாடியில் அதே பென்சிலால் போட்ட ஒரு குறிதான் அவனுடைய இலக்குக் கருவி. மூக்கைக் கவிழ்த்து, குறி இலக்கில் பொருந்தியதும் ஒரு ராக்கெட்டை விடுவான். இறக்கைகளின் கீழ் இருந்தவை மொத்தமே நாலு. அதில் வெடிப்பதைவிடப் புகைவதுதான் முக்கியம். வெள்ளைப் பாஸ்பரஸ் புகை மரங்களுக்கு மேலே எழும்பும். புகைக்கு வடக்கே ஐம்பது மீட்டர் என்று ஜெட்டுக்குச் சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்வான்.

கவசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. குண்டு துளைக்காத சட்டையை மார்பில் போடுவதா, இருக்கையின் கீழே போட்டு அதன்மேல் உட்காருவதா என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வி. சுடுவதோ கீழேயிருந்துதானே! ஆனால் கீழே இருந்தவர்கள் பல நேரம் சுடாமலே இருந்தார்கள். சுட்டால் இடம் தெரிந்துவிடும், ஐந்து நிமிடத்தில் நேபாம் தீக்குண்டு வரும். அந்தச் சின்ன இன்ஜின் சத்தம் தலைக்குமேல் கேட்கும்வரை ஒரு பட்டாளமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

ஒரே மாவட்டத்தின்மேல் மாதக்கணக்காகப் பறந்தவனுக்கு ஊர் பழகிப்போகும். எந்த ஒற்றையடிப் பாதை நேற்றைவிடத் தேய்ந்திருக்கிறது, ஆளில்லாத காட்டில் யார் சமைக்கிறார்கள், அறுப்புக் காலத்தில் வயலில் ஏன் ஒருவருமில்லை என்றெல்லாம் கவனிப்பான். பார்த்தவன் எப்போதும் சரியாகத்தான் பார்த்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் புகை விட்ட இடங்களில் குடிசைகளும் இருந்தன. துக்க வீட்டில் பேசக்கூடாதது என்று இதை விட்டுவிட முடியாது.

1967 பிப்ரவரி 24. கேப்டன் ஹில்லியர்ட் வில்பேங்க்ஸ், பதுங்கியிருந்த வியட்காங் படையை நோக்கித் தெற்கு வியட்நாம் ரேஞ்சர்கள் தெரியாமல் நடந்துபோவதைத் தன் பேர்ட் டாக்கிலிருந்து பார்த்தார். எச்சரித்தார். ரேஞ்சர்களை எதிரி துரத்த, ஜெட்டுகள் வருவதற்குள் அவருடைய ராக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன. உடனே எம்-16 துப்பாக்கியைப் பக்கத்து ஜன்னல் வழியே நீட்டி, மரங்களின் உயரத்தில் பறந்தபடி சுட்டார். மூன்றாவது சுற்றில் அடிபட்டு விழுந்தார். பிழைக்கவில்லை. அமெரிக்காவின் உச்ச விருதான மெடல் ஆஃப் ஹானர் பிறகு வந்தது.

சாவுக்குக் காரணம்: ஸ்ட்ரெலா. தோளில் வைத்துச் சுடும் இந்தச் சோவியத் ஏவுகணை 1972-இல் தெற்கு வியட்நாமுக்கு வந்தது. இன்ஜின் சூட்டைத் தேடிவரும் ஒன்றிடமிருந்து மெதுவாகப் பறப்பவன் எங்கே ஓடுவான்? நம் நாட்டில் இந்த வகை விமானத்தின் கதை இத்தனை கொடூரமாக முடியவில்லை. ஃப்ளையிங் கிளப்புகளுக்காக பெங்களூரு எச்.ஏ.எல். கட்டிய புஷ்பக் விமானத்தை வளர்த்தெடுத்ததுதான் தரைப்படையின் கிருஷக். பீரங்கிகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த அதை ஹெலிகாப்டர்கள் வந்து சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பின.

1975 என்பவர்கள் பக்கமும் ஞாயம் உண்டு. சைகோன் விழும் தறுவாயில், ஏப்ரல் 29 அன்று, தெற்கு வியட்நாம் மேஜர் புவாங் லி தன் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் ஒரு பேர்ட் டாக்கில் அடைத்துக்கொண்டு கோன் சோன் தீவிலிருந்து கடலுக்குமேல் பறந்தார். அமெரிக்காவின் மிட்வே விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டார். தளத்தைக் காலி செய்யச் சொல்லிச் சீட்டு எழுதிப் போட்டார். முதல் சீட்டுகளைக் காற்று கொண்டுபோயிற்று. பாரம் கட்டிப் போட்டது தளத்தில் விழுந்தது. கப்பல் தலைவர் லாரன்ஸ் சேம்பர்ஸ், வழியில் நின்ற ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொன்னார். இருவர் விமானத்தில் ஏழு பேர். பிடித்து நிறுத்தும் கொக்கி இல்லாமலே தளத்தில் இறங்கி நின்றது. அந்த விமானம் இன்று ஃபுளோரிடாவின் பென்சகோலா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாரிசு உரிமைக்கு இருவர் வரிசையில் நிற்கிறார்கள். 2024-இல் உக்ரைனின் ஒடெசா பக்கம், பயிற்சிக்காகக் கட்டப்பட்ட பழைய யாக்-52 விமானம் ஒன்று ரஷ்ய வேவு ட்ரோன்களைத் துரத்தியது. பின்னிருக்கையில் உட்கார்ந்தவர் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். அதே ஆண்டு ஏப்ரலில், பொழுதுபோக்குக்குப் பறக்கும் ஏ-22 விமானத்தில் ஆளுக்குப் பதில் வெடிமருந்தை ஏற்றி, ரஷ்யாவுக்குள் 1,000 கிலோமீட்டருக்கு மேல் அனுப்பி, யெலாபுகாவில் மோதவிட்டார்கள். என் ஓட்டு யாக்-52-க்கு. அதில் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள்.