பதவியேற்புரைகளில் ‘நாம்’

இலங்கையில் நிறைவேற்றதிகாரமுடைய ஜனாதிபதி ஒருவர் முதன்முதலாகப் பதவியேற்றது 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள், கொழும்புக் காலிமுகத்திடலிலாகும். 1972இல் குடியரசு பிறந்தபோதே வில்லியம் கோபல்லாவ ஜனாதிபதியாகியிருந்தார். எனினும் அது பெயரளவிலான பதவி. அதில் அமர்ந்தவரின் பேச்சை நாடு செவிசாய்த்துக் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஜே. ஆர். ஜயவர்த்தன முதலாக, 2024 செப்ரெம்பர் 23ஆம் நாள் பதவியேற்ற அநுர குமார திசாநாயக்க ஈறாக வந்தோரின் முதலுரைகளை ஒருங்கே வைத்து நோக்கின் அவை தனியொரு வகையாக அமைந்திருக்கக் காணலாம். அவற்றிலுள்ள வாக்குறுதிகளை எடைபோடுவோர் பலர். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரு சிறு சொல்லை மாத்திரமே. அது தன்மைப் பன்மைச் சொல்.

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்போரையும் உளப்படுத்துவது ‘நாம்’. கேட்போரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. எமது வடபுலத்துப் பேச்சுவழக்கில் இவ்வேறுபாடு மங்கிவிட்டதெனினும் எழுத்துத் தமிழ் அதனைக் காத்து வருகிறது. சிங்களத்தின் ‘அபி’ என்னும் சொல்லுக்கோ, ஆங்கிலத்தின் ‘வீ’ என்னும் சொல்லுக்கோ இவ்வேறுபாடு கிடையாது. ஆகவே ஜனாதிபதி ‘அபி’ என்று கூறுந்தோறும் அதனைத் தமிழாக்குபவர் ஒரு தீர்ப்பு வழங்கவேண்டியவராகிறார். பேசுபவர், மன்னார்க் கரையோரத்து அரிப்பிலே வானொலியின் முன் அமர்ந்திருப்பவனையும் தம்முள் அடக்கிப் பேசுகிறாரா, அன்றி அவனைப் புறத்தே நிறுத்திப் பேசுகிறாரா? மூலத்தில் எழாத இவ்வினா மொழிபெயர்ப்பில் எழுந்தே தீரும். உரையின் சொற்கள் விடை கூறாதவிடத்து, உரை நிகழ்ந்த இடம் சிலவேளைகளில் விடை கூறிவிடுகிறது.

ரணசிங்க பிரேமதாச 1989 ஜனவரி 2ஆம் நாள் பதவியேற்றது கண்டித் தலதா மாளிகையின் பத்திரிப்புவ எனப்படும் எண்கோண மண்டபத்திலாகும். மைத்திரிபால சிறிசேன 2015 ஜனவரி 9ஆம் நாள் கொழும்புச் சுதந்திர சதுக்கத்தில், தமிழரான நீதியரசர் க. ஸ்ரீபவன் முன்னிலையில் சத்தியப்பிரமாணம் செய்தார். எனினும் இரு நாள் கழித்துக் கண்டிக்குச் சென்று அம்மண்டபத்திலிருந்தே நாட்டுக்கு உரையாற்றினார். அதனைக் கட்டுவித்தவன் கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் குலத்தவன். 1815 மார்ச் 2ஆம் நாள் பிரித்தானியருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை, அவனை ‘மலபார்’ அரசனாகச் சுட்டி, அவன் குலத்தார் இனி அரசுரிமை கோரலாகாது என விலக்கியது. அதே உடன்படிக்கையில் பிரதானிகள் சிலர் தமிழெழுத்திலே கையொப்பமிட்டனர் என்பது வரலாற்றின் விளையாட்டுப் போலும். மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். தமிழிற் கையொப்பமிட்ட பிரதானிகளையும் தென்னகத்துக் குலத்து மன்னனையும் கொண்டது அம்மண்டபத்தின் கதை. அங்கிருந்து ஒலிக்கும் ‘அபி’யும் அவ்வளவு விரிவுடையதாக இருந்திருக்கலாம்.

அநுராதபுரத்தில் நிகழ்ந்ததோ வேறு. கோட்டாபய ராஜபக்ச 2019 நவம்பர் 18ஆம் நாள் ருவன்வெலிசாயவின் முன் பதவியேற்றார். எல்லாளனை வென்ற துட்டகைமுனு எழுப்பிய தாதுகோபம் அது என்பதை இலங்கையின் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். சிங்கள மக்களின் வாக்குகளாலேயே தாம் வெல்ல முடியும் என அறிந்திருந்ததாகவும், வெற்றியிற் பங்காளராகுமாறு தமிழரையும் முஸ்லிம்களையும் வேண்டியபோது எதிர்பார்த்த அளவு மறுமொழி கிடைக்கவில்லை எனவும் அவர் அங்கே கூறினார். தமக்கு வாக்களியாதோருக்கும் தாமே ஜனாதிபதி என அவர் உறுதியளித்ததையும் மறைத்தலாகாது. ஆயினும், ‘அவர்களும் எம்முடன் சேர்க’ என்னும் அமைப்புடைய வாக்கியத்தில் ‘எம்’ என்பதை ‘நம்’ என மாற்ற எந்த மொழிபெயர்ப்பாளராலும் இயலாது. மாற்றின் வாக்கியம் உடைந்துவிடும். அத்தேர்தலில் மன்னார் அடங்கிய வன்னி மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட வாக்குகள் அவருடைய எதிராளியான சஜித் பிரேமதாசவுக்கே சென்றிருந்தன. அரிப்பிலே அவ்வுரையைக் கேட்டவன் தன்னைப் படர்க்கையிற் கண்டான். மூன்று ஆண்டுகள் நிறையுமுன், 2022 யூலையில், அவரைப் பதவியிலிருந்து அகற்றக் கொழும்பிலே திரண்டவர்களுட் பெரும்பாலோர் அந்த ‘எம்’மினுள் இருந்தவர்களே என்பதும் நோக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான உத்தியும் ஒன்றுண்டு. 2009 மே 19ஆம் நாள் மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் ஆற்றியது பதவியேற்புரை அன்று. எனினும் புதிய தொடக்கமொன்றை அறிவித்த உரையாதலின் இங்கே கருதப்படலாம். சில வாக்கியங்களை அவர் தமிழிலேயே பேசினார். இந்நாட்டில் இனிச் சிறுபான்மையினர் என்போர் இல்லை, நாட்டை நேசிப்போர், நேசியாதோர் என்னும் இரு பிரிவினரே உளர் என்பது அவ்வுரையின் மையக் கருத்து. இங்கே ‘நாம்’ தாராளமாகவே விரிகிறது. ஆனால் உள்ளே நுழைபவன் தன் பெயரை வாசலிற் கழற்றி வைத்துவிட்டே நுழையவேண்டும். பெரும்பான்மையை மரமாகவும் சிறுபான்மையைக் கொடியாகவும் முன்னர் உவமித்த டி. பி. விஜேதுங்க, கொடிக்கு ஒரு பெயரையாவது விட்டுவைத்தார்!

வென்றோர் எல்லோருமே இவ்வாறுதான் பேசுவர் எனச் சிலர் கூறலாம். எமது மரபும் அதற்குச் சான்று தரும். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி ஈழத்தை அவன் கொண்ட நாடுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. மாதோட்டம் அவன் பெயரால் இராசராசபுரமாயிற்று. அங்கு வாழ்ந்தவனுக்கு அக்கீர்த்தியில் இடமேதுமில்லை. ஆனால் விதிவிலக்கும் உண்டு. ஆபிரகாம் லிங்கன் 1865 மார்ச் 4ஆம் நாள் இரண்டாம் முறை பதவியேற்றபோது, எதிர்ப்படையின் தளபதி லீ சரணடைய ஐந்து வாரங்களே இருந்தன. ஏறக்குறைய எழுநூறு சொற்களே கொண்ட அவ்வுரையில் அவர் வெற்றியைக் கொண்டாடவில்லை. இரு தரப்பினரும் ஒரே வேதத்தை வாசித்து ஒரே கடவுளை வேண்டினர் என்றார். அடிமைமுறையின் பழியை வடக்கின்மீதும் தெற்கின்மீதும் சேர்த்தே வைத்தார். குற்றத்தைப் பங்கிட்டுக்கொண்டமையாலேயே அவருடைய ‘நாம்’ நம்பத்தக்கதாயிற்று என்பது என் கருத்து.

இவ்வளவுகோலை எம்மீதும் வைத்துப் பார்த்தல் வேண்டும். அரிப்பின் கரையில் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையிற் கட்டுவித்த மாளிகை கடலரிப்பினாற் சரிந்து கிடக்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய அரசு எழுப்பிய அக்கட்டடத்தை எமது மக்கள் ‘அல்லிராணிக் கோட்டை’ என்கின்றனர். ஆண்டவன் கட்டியதை ஆளப்பட்டவன் தன் கதையினுள் இழுத்துக்கொண்ட இச்செயல் எனக்குப் பெருமை தருவதே. ஆனால் அதே கரையில், 1990 ஒக்ரோபரில், அயலவரான முஸ்லிம் மக்கள் வடமாகாணத்து ஏனைய முஸ்லிம்களோடு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அன்று தமிழில் ஒலித்தது ‘நாங்கள்’. சிங்களத்தைப் போலன்றி, எமக்கு இருசொற்களும் இருந்தன. தெரிந்தே ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். 2007 செப்ரெம்பரில் சிலாவத்துறைப் பகுதியிற் படைநடவடிக்கை நடந்து, எஞ்சியிருந்தோரும் இடம்பெயர்ந்தபோது, எமக்காகப் பேச அவ்வயலவர் அருகில் இருக்கவில்லை.

2024இல் அநுர குமார திசாநாயக்க ஆற்றிய உரை மிகச் சுருக்கமானது. தாம் மந்திரவாதியல்லர் என்றும், தமக்குத் தெரிந்தவையும் உண்டு தெரியாதவையும் உண்டு என்றும் அவர் கூறினார். முதற்கணக்கெடுப்பில் அரைவாசி வாக்குகளைப் பெறாது, இலங்கை வரலாற்றில் முதன்முறையாக விருப்புவாக்குகள் எண்ணப்பட்டு வென்றவர் அவர். அவ்வடக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். அத்தேர்தலில் அவருக்கு முதலிடம் தராத வன்னி மாவட்டம், நவம்பர் 14ஆம் நாள் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு முதலிடம் தந்தது. அவ்வாறு வாக்களித்தோர் அவருடைய ‘அபி’யை எச்சொல்லால் தமிழாக்கிக்கொண்டனர் என்பது வாக்குச்சீட்டிற் பதிவாவதில்லை.