நம் முன்னோரின் கட்டுமரம்

பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கோயில் எழும்பிய வரலாற்றையே எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் அஸ்திவாரக் கல் முதல் மணிக்கூண்டு வரை எல்லாவற்றையும் அன்பர்கள் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்த மணிக்கூண்டைக் கரையிலிருந்து பார்த்தவர்களைவிடக் கடலிலிருந்து பார்த்தவர்களே அதிகப் பயன் அடைந்தார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. எனவே அதை நாம் எடுத்துக்கொண்டோம்.

குமரிக் கடற்கரையில் பிறந்த பெரியவர்களுக்குக் கணிச்சம் என்றால் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மீன் கூடும் பார் கடலுக்கடியில் எங்கே கிடக்கிறது என்று நீரைப் பார்த்துத் தெரியாது. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் பிடிப்பார்கள்: முன்னால் கோயில் கோபுரம், பின்னால் மலையின் ஒரு முடி. வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள், ஒரு தென்னந்தோப்பும் ஒரு பாறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தூண்டிலை இறக்கினால் கீழே பார் இருக்கும். இன்று ஜி.பி.எஸ். கருவி செய்யும் வேலையை அன்று கோபுரமும் மலையும் ஒரு மனிதரின் ஞாபகமும் சேர்ந்து செய்தன. அந்த மனிதர் உட்கார்ந்திருந்தது கட்டுமரத்தின்மேல்.

நம் ஊரில் அதை வெறுமனே மரம் என்றே சொல்வோம். படகு, நீரைத் தன் உள்ளே வரவிடாமல் மிதப்பது. மரமோ, நீரைத் தன்மேல் ஏறி இறங்க விட்டுவிட்டு மிதப்பது. உள்ளே என்று ஓர் இடமே அதற்கு இல்லாததால் நீர் நிறைந்து மூழ்க வழியில்லை. கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். துறைமுகம் இல்லாமல், அலை நேரே வந்து மணலில் மோதும் நம்முடையது போன்ற கரைக்கு இதைவிட ஏற்ற கலம் இல்லை. மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் சற்று அடங்கியது. அங்கே வள்ளமும் தோணியும் ஓடின. ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் வள்ளங்கள் மலையாளக் கரையிலிருந்து அங்கே விலைக்கு வந்தன. நம் கரையில் ஆடி மாதத்துக் கச்சான் கடலில் அத்தகைய வள்ளத்தை இறக்கியிருந்தால் திரும்பி வந்திருக்குமா என்பது சந்தேகமே. எந்தக் கடலுக்கு எந்தக் கலம் என்று தேர்ந்தெடுப்பதில் நம் முன்னோர் ஏமாளிகளாக இருக்கவில்லை.

மரம் வாங்குவது பெண் பார்ப்பதைவிடக் கடினம் என்று ஒரு பெரியவர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மலைவேம்பு, கல்யாண முருங்கை போன்ற இலேசான மரங்களே உதவும். தேக்கு வீட்டுக் கதவுக்கு ஆகும், கடலுக்கு ஆகாது. சிறிய மரத்துக்கு மூன்று நான்கு கட்டைகள், பெரியதற்கு ஐந்து, ஏழு வரை. கட்டைகளைச் செதுக்கி, அணியத்தைக் கூராக்கி, இரண்டு முனைகளிலும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். ஆணி கிடையாது. ஆணி அடித்த பலகை அலையில் அடிபட்டால் பிளக்கும். கயிற்றால் கட்டியது நெகிழ்ந்து கொடுக்கும். தொழில் முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். காயாத கட்டை நீர் குடித்துக் கனத்துவிடும். அதிகாலையில் ஆண்கள் கயிறு முடியும் அந்தச் சத்தத்தில்தான் நம்மில் பலர் கண் விழித்தோம்.

இனித் துடுப்பு. சோழமண்டலக் கரையில் பலகைத் துடுப்பும் உண்டு. நம் பக்கத்தில் பெரும்பாலும் மூங்கிலே. முற்றிய பருத்த மூங்கிலை நெடுக இரண்டாகப் பிளந்தால் இரண்டு துடுப்பு. கணுக்களைச் செதுக்கி மட்டமாக்கி, கை பிடிக்கும் இடத்தில் விளிம்பின் கூரை மழுக்குவார்கள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் ஒரே நாளில் உள்ளங்கை கிழியும். மூங்கிலின் உட்குழிவு நீரை அள்ளிப் பிடிப்பதால் தனியாக அலகு செதுக்க வேண்டியதில்லை. காசு செலவழிக்க வழியில்லாதவர்கள் கண்டுபிடித்த துடுப்பு இது. இதற்கு மேல் ஒரு குறையும் சொல்ல முடியாத துடுப்பும் இதுவே.

வலிப்பதற்கு முழங்காலிட வேண்டும். அணியத்தில் ஒருவர், பின்தலையில் ஒருவர். கரையோர அலையைக் கடப்பதுதான் சோதனை. அலைகள் கூட்டமாக வரும். பெரிய அலைகள் சில வந்து போனபின் கடல் சிறிது மூச்சு வாங்கும். அந்த மூச்சுக்காக இடுப்பளவு நீரில் மரத்தைப் பிடித்தபடி நிற்பார்கள். ‘இப்ப தள்ளு மக்கா’ என்று பின்தலைக்காரர் சொன்னதும் தள்ளி ஏறி, அலைக்கு நேர்முகமாக வலிக்க வேண்டும். சற்றே பக்கம் காட்டினாலும் புரட்டிவிடும். கரைக்குத் திரும்பும்போது அலைக்கு முன்னால் ஓடக்கூடாது, அதன் முதுகில் வர வேண்டும். கனடாவில் பொழுதுபோக்காக ஓடம் வலிப்பவர்கள், பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பை வெளிப்புறமாகத் திருப்பி, ஆங்கில ஜே எழுத்தைப் போல் முடித்து ஓடத்தை நேராகச் செலுத்துவதை ஒரு தனிப் பாடமாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். நம் பின்தலைக்காரரும் துடுப்பையே சுக்கானாக்கித்தான் மரத்தை நேர்நிறுத்தினார். அதற்குப் பெயர் வைக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

பொழுதுபோக்கு என்றதும் நினைவு வருகிறது. நீர் குடித்துத் தள்ளுபடியான பழைய கட்டைகள் இரண்டைச் சிறுவர்கள் நாங்கள் கட்டி, ஞாயிறு பூசை முடிந்ததும் கடலில் இறக்குவோம். அடி வாங்கிய ஞாயிறுகளும் பல. நீச்சலும் வலிப்பும் எங்களுக்கு அப்படித்தான் வந்தன.

இந்த எளிய மரத்தின் பெயர் போன தூரம் வியப்புக்குரியது. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பெயர் சொல்லியே வருணித்தார். அதில் இருப்பவரின் கால்கள் எப்போதும் நீரிலேயே என்று அவர் குறித்தது இன்றைக்கும் சரி. சென்னையில் செயற்கைத் துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் இடும்வரை, கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, அலையைத் தாண்டி முதலில் போய்ச் சேர்ந்தவர் கட்டுமரக்காரர். கடிதங்களைப் பாயால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் வைத்து நனையாமல் கொண்டுபோனார். 1804-ல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் செய்த வெடிப்பெட்டிகளுக்கும் கட்டுமரம் என்றே பெயரிட்டார்கள். மீன் பிடித்ததைத் தவிர வேறு பாவம் அறியாத மரத்துக்கு இந்தப் பழி எதற்கோ!

பிறகு அப்பெயர் இரட்டை ஓட்டுப் படகுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. 1876-ல் அமெரிக்கர் நத்தானியல் ஹெரஷாஃப் கட்டிய அத்தகைய படகு நியூயார்க் பந்தயத்தில் மற்றவற்றை முந்தியது. அது முறையான படகே அல்ல என்று தோற்றவர்கள் முறையிட்டார்கள். இங்கிலாந்தில் கயாக் ஓடம் செய்துவந்த ப்ரௌட் சகோதரர்கள் 1949-ல் இரட்டை ஓட்டுப் படகைச் சோதித்து, 1954 முதல் அதையே தொழிலாக்கினார்கள். இன்று உலகெங்கும் விடுமுறைக்குக் கடலாடுபவர்கள் ‘கட்டமரான்’ என்று சொல்வது இதைத்தான். பசிபிக் தீவினரின் இரட்டை ஓடத்துக்கு அது சொந்தம். நம் கட்டுமரத்துக்கு உறவே இல்லை. பெயர் மட்டும் நம்முடையது.

இதை நாம் அறிந்தது மிகவும் பிந்தித்தான். பள்ளியில் தகப்பனார் தொழில் என்ன என்று கேட்டபோது, ‘போட்டில் போகிறார்’ என்று சொன்ன பிள்ளைகள் நம் ஊரில் உண்டு. மரம் என்று சொல்லக் கூச்சம். நாமும் அப்படிச் சொன்னவர்களே. கல்லூரியில் ஆங்கில அகராதியைப் புரட்டியபோது அந்தச் சொல்லுக்கு எதிரே தமிழ் என்று எழுதியிருக்கக் கண்டோம். அப்பா அப்போது உயிரோடு இல்லை.

எஞ்சின் வந்ததைப் பழிப்பது எளிது. துடுப்புப் பிடித்தவர்கள் பழிக்கவில்லை. 1953-ல் கொல்லம் நீண்டகரையில் நார்வே நாட்டு உதவியுடன் தொடங்கிய திட்டம் இயந்திரப் படகைக் கொண்டுவந்தது. 1980-களில் வெளிப்பொருத்து எஞ்சின் சிறு கலங்களிலும் ஏறியது. ஒட்டுப்பலகை வள்ளமும் கண்ணாடி இழைப் படகும் வந்தன. நல்ல கட்டை கிடைப்பதும் அரிதாயிற்று, விலையும் ஏறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையில் கிடந்த மரங்களை அள்ளிக்கொண்டு போனபின், உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகளே. நாற்பது வயதில் தோள்பட்டை இறங்கிப்போன தகப்பன்மாரைப் பார்த்தவர்கள் யாரும், பழைய துடுப்பைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்க மாட்டார்கள். நாமும் கேட்கவில்லை. ஆனால் எந்தக் கட்டை எந்தக் கட்டையோடு சேரும், எத்தனை சுற்றுக் கயிறு, எந்தப் பாருக்கு எந்தக் கணிச்சம் என்பவற்றை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. சொல்லத் தெரிந்தவர்களில் மூவரை இக்கட்டுரைக்காகப் பார்த்தோம். மூவருக்கும் எண்பதுக்கு மேல். ஒருவர் கயிறு முடிவதைக் கையால் காட்டினார். வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை.

பொன்விழாத் திருநாளன்று கோயில் முற்றத்தில் ஒரு மரம் கட்டிக் காட்ட அம்மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கட்டைகள் இரண்டு கிடைத்துவிட்டன. இன்னும் இரண்டு வேண்டும். வீட்டுத் திண்ணையிலோ தோட்டத்து வேலியிலோ பழைய கட்டையும் மூங்கில் துடுப்பும் வைத்திருப்பவர்கள் கொடியேற்றத்துக்கு முன் உபதேசியாரிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். துணி காயப்போடும் கழியாக இருந்தாலும் பரவாயில்லை.