தஞ்சாவூர்க் கீர்த்தனையும் செங்கல்பட்டுச் சேரியும்: பறட்டை அண்ணனின் இசை ஊழியம் குறித்து

தமிழ்க் கிறிஸ்தவ இசையின் வரலாற்றை யார் எழுதினாலும் தஞ்சாவூரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சரபோஜி அரண்மனை, சுவார்ட்ஸ் ஐயர், வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), அப்புறம் ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917). எல்லோரும் பெரிய ஆட்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழகத்துச் சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் எதைப் பாடினார்கள், எதைப் பாடும்படி பழக்கப்பட்டார்கள், எந்த வாத்தியத்தை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள் என்பது இந்த வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. இசையின் வரலாறு என்ற பெயரில் இசைப்புலவர்களின் வரலாறே நமக்குக் கிடைத்திருக்கிறது.

சாஸ்திரியாரையே எடுத்துக்கொள்வோம். 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகளோடு அவருக்குக் கடும் மோதல் ஏற்பட்டது. அவர்கள் செய்த கொடுமைகள் என்று நான்கை அவர் பட்டியலிட்டார்: வேதப்புத்தக மொழிபெயர்ப்பைத் திருத்தியது, சாதிகளை வலிந்து ஒன்றாக்கியது, பண்டிகைகளை நிறுத்தியது, தமிழ் இசையை வழிபாட்டிலிருந்து அகற்றியது. இன்று தமிழிசைப் பெருமை பேசுகிறவர்கள் நாலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மெல்ல விழுங்கிவிடுகிறார்கள். சாஸ்திரியாரின் மனத்தில் அவை பிரிந்திருக்கவில்லை. கீர்த்தனையும், கோயிலுக்குள் தனித்தனிப் பாயும் அவருக்கு ஒரே ஒழுங்கின் இரண்டு பகுதிகள். அதற்காக மிஷனரிகளைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. சாதியை எடு என்று சொன்ன அதே வாய்தான் உன் பாட்டையும் எடு என்றது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் தன் பாட்டு என்ன ஆயிற்று என்று சேரியை யாரும் கேட்கவில்லை.

1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அப்படித்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. ஒரு பக்கம் ஐரோப்பிய மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டு, இன்னொரு பக்கம் ராகமும் தாளமும் தலைப்பில் குறித்த கீர்த்தனை. தமிழ்ச் சபையின் காது இந்த இரண்டுக்கும் நடுவேதான் வளர்ந்தது. இரண்டுமே புத்தகத்திலிருந்து வந்தவை, இரண்டுமே திருத்தக் கூடாதவை. எழுத்துத் தெரியாத சபையில் உபதேசியார் ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுப்பார், ஜனங்கள் பின்னால் சொல்வார்கள். இந்த உபதேசியார்தான் நம் கிராமத்துச் சபையின் உண்மையான இசை ஊழியர். பள்ளிக்கூடம் நடத்துவார், ஜெபம் பண்ணுவார், மனு எழுதுவார், பாட்டும் சொல்லிக் கொடுப்பார். பெயர் எந்த வரலாற்றிலும் இருக்காது.

இனி செங்கல்பட்டுக்கு வருவோம். 1891-இல் இம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892-இல் வந்த பஞ்சமி நில ஆணையும் இந்த இதழின் வாசகர்களுக்குப் புதிதல்ல. அதே சமயத்தில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்டுரூ இங்கே நிலம் வாங்கிக் குடியிருப்பு அமைத்தார். சிங்கப்பெருமாள்கோவில் அருகிலுள்ள மெல்ரோசாபுரம் அப்படி 1890-களில் உண்டானது. அந்த இடத்திலிருந்து வடமேற்கே போகும் சாலைதான் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. ஆக, இன்று கார் கம்பெனிகளின் பெயர்ப்பலகை வரிசையாக நிற்கும் இந்தச் சாலையின் ஓரத்தில், நிலம் கேட்டுக் கிறிஸ்தவத்துக்குப் போன ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவு கிடக்கிறது. அந்த நிலக் கேள்வி முடிந்துவிடவும் இல்லை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில், செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள்.

நிலத்தோடு மரியாதையும் சேர்த்துத்தான் கேட்கப்பட்டது. மரியாதை என்றால் முதலில் பறையை விடுவது. ஊரார் வீட்டுச் சாவுக்குப் போய் அடிப்பதும், அடித்துவிட்டுக் கைநீட்டி நிற்பதும் இனி இல்லை என்பது விடுதலையின் முதல் எழுத்து. காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் பறையடிக்க மறுக்கும் போராட்டத்தை முன்னின்று நடத்தியது இதனால்தான். ஆகவே சேரிக் கிறிஸ்தவர் ஆர்மோனியத்தின் பக்கம் போனதை வெறும் மேல்நிலையாக்கம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது அநியாயம். ஆர்மோனியம் யார் வீட்டு வாசலிலும் நின்று வாசிக்க வேண்டியதில்லாத வாத்தியம்.

இந்த இடத்தில்தான் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) வருகிறார். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர், தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர். மாணவர்களுக்கும் கிராமத்து ஜனங்களுக்கும் 'பறட்டை' அண்ணன். தலை வாராத, சீவிச் சிங்காரிக்காத ஆள் என்று பொருள்படும் பெயரை ஓர் ஆயர் தனக்குத் தானே சூட்டிக்கொள்வது ஒன்றும் சின்ன விஷயமில்லை. மேற்கத்திய இசையும் கர்நாடக இசையும் அறிந்தவர் அவர். தெரியாததால் விட்டவரல்லர், தெரிந்தே விலகியவர். 1986-இல் வந்த அவருடைய ஆங்கில நூல் நாட்டார் வழக்காறுகளைச் சமூக மாற்றத்தின் நோக்கில் வாசித்தது. அடுத்த பத்தாண்டில் எடின்பரோவுக்குப் போய் தலித் விடுதலைக்கான தகவல் தொடர்பு பற்றி ஆய்வேடு எழுதினார். ஸ்காட்லாந்துக்காரர் செங்கல்பட்டுக்கு வந்து நூறு வருஷம் கழித்து, திரும்பிப் போன கடிதம் மாதிரி இருக்கிறது இது.

1990-களின் நடுவில் அவர் உருவாக்கிய 'கிராமிய இசை வழிபாடு' திருவிருந்து ஆராதனை முழுவதையும் நாட்டார் மெட்டில், பேச்சுத் தமிழில் நடத்துவது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் தந்த திருவிருந்து ஒழுங்கு உலகம் புகழ்ந்த ஒன்று. அதன் தமிழோ மேடைத் தமிழ், எழுந்து நின்று வாசிக்கிற தமிழ். அப்பாவு கடவுளைப் 'பிதா' என்பதற்குப் பதிலாகப் 'பெத்தவர்' என்றார். அம்மாவும் பெத்தவர், அப்பாவும் பெத்தவர். பெண்ணிய இறையியல் பக்கம் பக்கமாக வாதாடிய ஒன்றைச் சேரிப் பேச்சு ஒரே சொல்லில் முடித்துவைத்திருந்தது. திருவிருந்தை விளக்க அவர் எடுத்த இன்னொரு சொல் 'ஒரு உலை'. எல்லோர் வீட்டு அரிசியும் ஒரே பானையில் பொங்கி, எல்லோரும் சேர்ந்து தின்பது. கலந்துண்ணாமை சாதியின் உயிர்நாடி என்றால், ஒரு உலை அதன் மீது கொதிநீர் ஊற்றுவது.

அவருடைய ஊழியத்தில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. பாட்டை மாற்றிப் பாடு என்று அவர் சொன்னார். நாட்டார் பாட்டுக்கு மூலபாடம் கிடையாது, பாடுகிறவரின் தேவைக்கேற்ப வார்த்தை மாறும், வரி கூடும், குறையும். இதை அவர் குறையாகக் கொள்ளவில்லை, இறையியல் செய்கிற முறையாகவே கொண்டார். கீர்த்தனையின் கடைசி அடியில் புலவர் தன் முத்திரையைப் பதிக்கிறார். பறட்டையோ தன் பாட்டை அடுத்தவர் திருத்துவதற்காகவே விட்டுவைக்கிறார். தன் பிரதியின் மீதான அதிகாரத்தைத் துறப்பது ஓர் இசையமைப்பாளனுக்கு லேசான காரியமா? அவரிடம் படித்த குருமார் பாடல்களைக் கிராமங்களுக்கு எடுத்துப் போனார்கள், கேசட்டுகள் போயின. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோ ஷெரினியன் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2014-இல் நூலாக்கினார். நம் இசை விமர்சகர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தபோது எதிர்ப்பு மேல்சாதியிலிருந்து மட்டும் வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். "சாவு மேளத்தை எதுக்குங்க கோயிலுக்குள்ள கொண்டாறீங்க? நாங்க அதை விட்டுத் தலமுறை ஆச்சு" என்கிற கேள்வி சேரிக்குள்ளிருந்தே எழக்கூடியது, நியாயமானதும்கூட. இளையபெருமாள் சொன்ன மறுப்பும் அப்பாவு சொன்ன மீட்பும் நேரெதிர் போலத் தெரியும். (இருவரும் 2005-இல்தான் காலமானார்கள்.) ஒருவர் பறையோடு ஒட்டியிருந்த கட்டாய ஊழியத்தைப் பார்த்தார். இன்னொருவர் அந்த ஊழியத்தை வெட்டிய பிறகு கையில் மிஞ்சும் கருவியைப் பார்த்தார். முன்னது நடக்காத ஊரில் பின்னதைப் பேசினால் அது வெறும் கலைவிழாதான். தலித் கலைவிழாக்கள் பெருகிய 1990-களில் இந்த வேறுபாடு பல மேடைகளில் மங்கிப்போனது என்பது என் கணிப்பு.

கடல் தாண்டியும் இந்தக் கதை உண்டு. ப்ளூஸ் பியானோக்காரரான தாமஸ் டார்சி (1899–1993) தன் மெட்டுகளைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது, சிகாகோவின் கௌரவமான கறுப்பினச் சபைகள் அதைக் குடிவிடுதிச் சங்கீதம் என்று தள்ளின. அவற்றுக்கு ஐரோப்பியச் செவ்விசைதான் மரியாதை. 1932 முதல் பல பத்தாண்டுகள் ஒரு சபையின் இசைப் பொறுப்பில் இருந்து அவர் அந்தக் காதை மாற்றினார். ஆனால் காஸ்பல் இசை பெரிய வியாபாரமாகவும் ஆனது. அங்கே பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. பறட்டையின் வழி அதிலிருந்து பிரிவது இந்த இடத்தில்தான்.

அப்பாவு மீது எனக்கொரு விமர்சனம் உண்டு. 'கிராமியம்' என்ற சொல்லை அவர் கொஞ்சம் நம்பிக்கையோடு பயன்படுத்திவிட்டார். அம்பேத்கருக்குக் கிராமத்தின் மீது துளியும் மயக்கம் கிடையாது. கும்மியும் ஒப்பாரியும் எல்லாச் சாதிக்கும் உண்டு, சாதியோடுதான் உண்டு. அதைவிட, அவருடைய பாட்டுக்கு மடியாயிருந்த வயலே இப்போது இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்வைத்தது. நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கி 2014-இல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு. நடவு இல்லாத இடத்தில் நடவுப்பாட்டு ஏது?

சின்ன ஜெபவீடுகளில் இப்போது கீபோர்டுதான். ஒரு பொத்தானை அமுக்கினால் தாளம் தானாக ஓடுகிறது. கடைசிவரை ஒரே வேகம், பாடுகிறவர் மூச்சுவாங்கினாலும் அது நிற்காது. அசெம்பிளி லைனில் நின்றுவிட்டு வருகிறவருக்குக் கோயிலிலும் அதே கன்வேயர். பழைய பறையை மீட்டு இதைச் சரிக்கட்டிவிட முடியாது. அப்பாவு விட்டுப்போனதை ஒரு வாத்தியமாகக் கொள்ளாமல், மாற்றிப் பாடும் உரிமையாகவும் ஒரு உலையாகவும் கொண்டால் இங்கே பேச விஷயம் இருக்கிறது.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். பிள்ளைகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்று மறுபடி திறந்தது. அந்த விடுதியிலும் ஒரே உலைதான், எல்லாச் சாதிப் பெண்ணும் அதில்தான் தின்றாள். ஆனால் அரிசி போட்டது அவளில்லை, கரண்டி பிடித்ததும் அவளில்லை. சாதி கடந்த பந்தியை முதலாளியம் தன் செலவுக் கணக்குக்காக நடத்திக் காட்டும்போது, 'ஒரு உலை' என்ற உருவகத்தை நாம் திரும்பவும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பறட்டை அண்ணன் இருந்திருந்தால் அந்தப் பெண்களையே பாட்டை மாற்றச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இந்த வட்டாரத்தில் இசை ஊழியத்துக்கு வருகிற தம்பி தங்கைகள் ராகம், கார்டு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஷிப்டு மாறுகிற ஊரில் ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்பது மணிக்குச் சபையில் யார் இருக்க முடியும், யார் இருக்க முடியாது என்பதை முதலில் விடுதிகளில் போய் விசாரிக்கட்டும்.