தோற்கத் திட்டம் போட்ட டீமும், கைதட்டின ஊரும்

கிரிக்கெட் பத்தி எழுதினா நாலு பேர் சண்டைக்கு வருவீங்க. சினிமா பத்தி எழுதினா நாப்பது பேர். பாஸ்கெட்பால் பத்தி எழுதினா கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான்னு தெரியும். இருந்தாலும் ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கிற கதை, எழுதிடறேன். ஆட்டம் தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம். இது ஆட்டத்தைப் பத்தின பதிவே இல்லை. ஒரு ஊர்ல பாதிப் பேர் சேர்ந்து "நம்ம டீம் தோக்கட்டும் சாமி"ன்னு வேண்டிக்கிட்ட கதை.

முதல்ல டிராஃப்ட்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஐ.பி.எல்.லில் ஏலம் நடக்கும். பையில காசு இருக்கிறவன் கையைத் தூக்கலாம். அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் புதுப் பசங்களை அப்படி எடுக்க முடியாது. வருஷா வருஷம் கல்லூரிகள்ல இருந்தும் வெளிநாட்டுல இருந்தும் வர்ற இளைஞர்களை, அணிகள் வரிசையில நின்னு ஒவ்வொருத்தரா தேர்ந்தெடுக்கணும். வரிசையில முன்னாடி நிக்கிறது யாரு? போன சீசன்ல கேவலமா தோத்தவங்க. நலிஞ்சவனுக்கு முதல் பந்திங்கிற நல்ல எண்ணம்தான்.

ஆனா நம்ம ஊர்ப் பழமொழி ஒண்ணு இருக்கே, பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு. என்.பி.ஏ.வில் அது நக்கல் இல்லை, சட்டம். படையில பிந்தினாத்தான் பந்தியில முந்தலாம். அப்ப வேணும்னே பிந்தினா என்ன?

இந்தக் கேள்வி புதுசும் இல்லை. 1984 வரைக்கும் ரெண்டு பிரிவிலும் கடைசியா வந்த அணிகளுக்கு நடுவுல காசு சுண்டி, முதல் தேர்வு யாருக்குன்னு முடிவு பண்ணாங்க. 1983-84 சீசன்ல ஹூஸ்டன் ராக்கெட்ஸ் வேணும்னே தோத்ததா பேச்சு கிளம்பிச்சு. அந்த வருஷம் அவங்களுக்குக் கிடைச்சவர் ஹக்கீம் ஒலாஜுவான், ஆட்டத்தோட மாபெரும் வீரர்கள்ல ஒருத்தர். 1985ல லாட்டரி முறையைக் கொண்டு வந்தாங்க. கடைசியா வந்தாலும் முதலிடம் நிச்சயமில்லைன்னு ஆச்சு. அப்புறம் கணக்கை மாத்தி மாத்தி, 1994ல இருந்து கடைசி அணிக்கு 25 சதவீத வாய்ப்புன்னு வெச்சாங்க. நம்ம கதை நடக்கும்போது அந்த 25 சதவீதம்தான் அமல்ல இருந்தது.

இப்ப ஃபிலடெல்ஃபியா. 1776ல அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான ஊர். அதனாலதான் டீமுக்கு செவன்டிசிக்ஸர்ஸ்னு பேர், செல்லமா சிக்ஸர்ஸ். கடைசியா கோப்பை ஜெயிச்சது 1983ல. 2001ல ஆலன் ஐவர்சன் தனியாளா தோள்ல தூக்கிட்டு ஃபைனல் வரைக்கும் போனார், அங்க லேக்கர்ஸ்கிட்ட 4-1னு தோல்வி. அதுக்கப்புறம் டீம் நடுவுலயே சுத்திட்டு இருந்தது. என்.பி.ஏ.வில் நடுவுல இருக்கிறதுதான் நரகம். கிளாஸ்ல 38 மார்க் வாங்குறவன் மாதிரி. பரிசும் கிடையாது, ஸ்பெஷல் கிளாஸும் கிடையாது.

2012ல ஒரு பெரிய சூதாட்டம் ஆடிப் பார்த்தாங்க. இருந்த நல்ல ஆட்களைக் கொடுத்து ஆண்ட்ரூ பைனம்ங்கிற ராட்சச சென்டரை வாங்கினாங்க. அவருக்கு முட்டி வலி. சிக்ஸர்ஸ் சட்டையில அவர் ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடலை.

இந்த வெறுப்புல இருக்கும்போது 2013 மே மாசம் புது ஜெனரல் மேனேஜரா வந்து சேர்ந்தார் சாம் ஹின்கி. ஸ்டான்ஃபோர்டுல எம்.பி.ஏ., ஹூஸ்டன் அணியில புள்ளிவிவரக் கணக்கு போட்டுப் பழகினவர். வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, 2013 ஜூன் 27, டிராஃப்ட் ராத்திரி. டீமோட ஒரே ஆல்-ஸ்டார் ட்ரூ ஹாலிடே, வயசு 23. அவரைத் தூக்கி நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்துட்டார். பதிலுக்கு வாங்கினது, முட்டித் தசைநார் கிழிஞ்ச நெர்லன்ஸ் நோயல்ங்கிற பையனும், அடுத்த வருஷத்து முதல் சுற்றுத் தேர்வு ஒண்ணும்.

ஊர் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? 1968ல மைதானத்துக்கு வந்த சாண்டா கிளாஸ் வேஷக்காரர் மேல பனிக்கட்டி உருண்டை வீசின ஊர். 1999ல தங்களோட அமெரிக்கக் கால்பந்து அணி டிராஃப்ட்ல டொனோவன் மெக்நாபை எடுத்ததும் நேர்ல போய் உட்கார்ந்து ஊளையிட்ட ஊர். (அந்த மெக்நாப் பின்னாடி அவங்களை சூப்பர் பௌல் வரைக்கும் கூட்டிட்டுப் போனார், அது வேற கதை.) அந்த ஊர்க்காரங்க ஹின்கியைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கணும். கொஞ்சம் பேர் கிழிச்சாங்க. ஆனா இன்னொரு கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அட, முதல் தடவையா ஒருத்தன் கிட்ட கணக்கு இருக்குப்பா!"

2013-14 சீசனோட முதல் ஆட்டத்துல நடப்பு சாம்பியன் மயாமியை 114-110னு ஜெயிச்சுத் தொலைச்சாங்க. ஒழுங்கா தோக்கக்கூடத் தெரியலையேன்னு சிரிப்பா இருக்கும் :-) அப்புறம் பிக்கப் ஆகி தொடர்ந்து 26 தோல்வி, சீசன் கணக்கு 19-63. அடுத்தது 18-64. அதுக்கடுத்தது 10-72. அந்தக் கடைசி சீசன்ல ஒரு கட்டத்துல 1 வெற்றி, 30 தோல்வி!

நடுவுல 2014 டிராஃப்ட். 3வது இடத்துல கால் எலும்பு உடைஞ்ச ஜோயல் எம்பீட். 12வது இடத்துக்கான பேரத்துல டாரியோ சாரிச், அவர் இன்னும் ரெண்டு வருஷம் துருக்கியில ஆடப் போறவர். ஆக, முதல் சுற்றுல வந்த ரெண்டு பேருமே அந்த வருஷம் களத்துல இறங்கப் போறதில்லை. கல்யாணத்துக்கு நாள் குறிச்சு மண்டபம் பிடிச்சாச்சு, மாப்பிள்ளை மட்டும் அப்பறம் வருவார்.

ஆனா ரசிகர்கள் மாறிட்டாங்க. தங்க டீம் தோத்தா கவலையில்லை. அவங்க கையில லேக்கர்ஸோட எதிர்காலத் தேர்வு ஒண்ணு இருந்தது, அதனால லேக்கர்ஸ் தோக்குதான்னு ராத்திரி முழிச்சுப் பார்த்தாங்க. லாட்டரி நடக்கிற மே மாசத்து ராத்திரியில நூத்துக்கணக்குல கூடித் திருவிழா கொண்டாடினாங்க. "ப்ராஸஸை நம்பு" அப்படிங்கிறது கோஷமாச்சு, டி-ஷர்ட் ஆச்சு, கிட்டத்தட்ட மதமே ஆச்சு.

நிற்க. இந்த மதத்துல நானும் ஒரு ஆள்.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன். இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணா மூலமாத்தான் எனக்கு சிக்ஸர்ஸ் அறிமுகம். அவர் மடிக்கணினியில ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கும். எந்த டீமோட தேர்வு எந்த வருஷம் சிக்ஸர்ஸுக்கு வரும், எத்தனை சதவீதம், எந்த நிபந்தனை, எல்லாம் கலர் கலரா. ஆட்டத்தை விட அந்த ஷீட்தான் எனக்குப் பிடிச்சது. மனுஷங்க இல்லாத, அழுக்கில்லாத கணக்கு.

ஹின்கி செஞ்சதும் அதுதான். மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ்னு ஒருத்தர், 2013ல 11வது ஆளா எடுத்தவர், 2014ல அந்த வருஷத்தோட சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். பத்து மாசம்கூட முழுசா ஆகலை, 2015 பிப்ரவரியில அவரை அனுப்பிட்டு வாங்கினதுதான் மேல சொன்ன அந்த லேக்கர்ஸ் தேர்வு. விலை உச்சத்துல இருக்கும்போது வித்துடு. ஷேர் மார்க்கெட் ஆளா இருந்தா கைதட்டுவோம். நானும் தட்டினேன்.

2016 ஏப்ரல்ல ஹின்கி ராஜினாமா பண்ணிட்டார். டீம் படுற அவமானம் தாங்காம மேலிடம் அவருக்கு மேல ஜெர்ரி கொலாஞ்சலோவைக் கொண்டு வந்து உட்கார வெச்சிருந்தது. ஹின்கி எழுதின ராஜினாமாக் கடிதம் 13 பக்கம். அதுல வாரன் பஃபெட் வர்றார், ஆபிரகாம் லிங்கன் வர்றார், அழிஞ்சு போன நியூசிலாந்துப் பறவை மோவாகூட வருது. (நான் பேப்பர் போட்டப்ப ரெண்டு வரிதான் எழுதினேன், அதுக்கே அப்ரூவல் வர மூணு நாள்.) அடுத்த மாசமே சிக்ஸர்ஸுக்கு லாட்டரி விழுந்தது, முதல் தேர்வு, பென் சிம்மன்ஸ். விதைச்சவர் அறுவடைக்கு இல்லை.

அறுவடை எப்படி இருந்தது? எம்பீட் ரெண்டு முழு சீசன் வெளிய உட்கார்ந்து, ரெண்டு தடவை காலை அறுத்துத் தெச்சுக்கிட்டு, நடுவுல கேமரூன்ல விபத்துல தம்பியைப் பறிகொடுத்து, 2016 அக்டோபர்ல ஒருவழியா களம் இறங்கினார். முதல் ஆட்டத்துலயே 20 புள்ளி. தனக்குத் தானே "த ப்ராஸஸ்"னு பட்டப்பேரும் வெச்சுக்கிட்டார். 2017-18ல 52-30. மூணு வருஷம் சேர்த்து 47 ஜெயிச்ச டீம், ஒரே வருஷத்துல 52! நம்பினவங்க நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடந்தாங்க.

ஆனா மத்த பேர்களையும் பார்ப்போம். 2017ல பாஸ்டன்கிட்ட கூடுதலா ஒரு தேர்வைக் கொடுத்து 3வது இடத்துல இருந்து முதல் இடத்துக்கு ஏறி எடுத்தவர் மார்கெல் ஃபுல்ட்ஸ். தோள்ல பிரச்சினை வந்து பந்தை எறியற விதமே மறந்து போச்சு. நரம்பு சம்பந்தப்பட்ட கோளாறுன்னு 2018 டிசம்பர்லதான் கண்டுபிடிச்சாங்க. அதுவரைக்கும் 19, 20 வயசுப் பையனைப் பார்த்து உலகமே சிரிச்சது. மொத்தம் 33 ஆட்டத்தோட அனுப்பிட்டாங்க. பாஸ்டன் அந்த 3வது இடத்துல எடுத்த ஜேசன் டேட்டம் 2024ல கோப்பையைத் தூக்கினார்.

எனக்கு மதம் விட்டுப்போன ராத்திரி 2018 ஜூன் 21. ஆனா விட்டுப்போச்சுன்னு அன்னிக்குத் தெரியலை. கார்ட்டர்-வில்லியம்ஸை வித்து வாங்கின லேக்கர்ஸ் தேர்வு அன்னிக்குத்தான் பழுத்தது, 10வது இடம். எடுத்தது மிகால் பிரிட்ஜஸ். ஃபிலடெல்ஃபியாவுல பிறந்தவர். பக்கத்துல இருக்கிற வில்லனோவா பல்கலைக்கழகத்துக்கு ரெண்டு தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த அணியில ஆடினவர். அவரோட அம்மா சிக்ஸர்ஸ் உரிமையாளர்களோட நிறுவனத்துலயே வேலை பார்த்தவங்க. ஊர்ப் பிள்ளை வீட்டுக்கு வந்துட்டான்னு எல்லாரும் ஆனந்தக் கண்ணீர். அம்மாவும் பிள்ளையும் பேட்டியெல்லாம் கொடுத்தாச்சு. கொஞ்ச நேரத்துல செய்தி வருது, அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துட்டாங்க. பதிலுக்கு 16வது இடத்துல எடுத்த ஸயர் ஸ்மித்தும், மயாமியோட 2021 தேர்வும். மறுபடியும் ஒரு சீட்டு!

ஸ்மித்துக்கு அந்தக் கோடையிலயே கால் உடைஞ்சது, அப்புறம் உணவு ஒவ்வாமையில உயிருக்கே ஆபத்து வந்தது. பாவம், என்.பி.ஏ.வில் அவர் ஆடினது மொத்தம் 13 ஆட்டம். பிரிட்ஜஸ் அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாத ஆளா பேர் எடுத்தார். அந்த மயாமி சீட்டையும் இன்னொரு பேரத்துல செலவழிச்சாச்சு.

2019ல செவன்த் கேம், டொராண்டோகிட்ட. நம்ம ஊர் நேரப்படி மே 13 காலையில, ஹாஸ்டல் ரூம்ல எட்டுப் பேர் ஒரே ஸ்கிரீனைப் பார்த்துட்டு இருக்கோம். 90-90. கவாய் லெனர்ட் எறிஞ்ச பந்து வளையத்து மேல நாலு தடவை குதிச்சு, யோசிச்சு, உள்ள விழுந்தது. எம்பீட் அழுதுக்கிட்டே நடந்து போனார். டொராண்டோ சாம்பியன் ஆச்சு.

அந்த வருஷம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கேம்பஸ் இன்டர்வியூவும் ஒருவகை டிராஃப்ட்தானே. எடுத்தவங்க என்னை அஞ்சு மாசம் பெஞ்சுல வெச்சிருந்தாங்க. ஒருநாள் தப்பா எனக்கும் சேர்ந்து வந்த மெயில்ல ஒரு எக்ஸெல் ஷீட். கலர் கலரா. அதுல நான் ஒரு வரிசை. பேர் இல்லை, எம்ப்ளாயி நம்பர், பக்கத்துல "ரிசோர்ஸ், கிடைக்கும்". சீனியர் அண்ணாவோட ஷீட் ஞாபகம் வந்தது. கார்ட்டர்-வில்லியம்ஸை வித்தப்ப நான் கைதட்டினதும் ஞாபகம் வந்தது.

எனக்குப் புரிஞ்சது இதுதான். சீட்டு சீட்டாவே இருக்கிற வரைக்கும் அதுக்குள்ள எல்லாரும் இருக்காங்க, ஒலாஜுவான், ஜோர்டான் எல்லாரும். அது ஒரு மனுஷனா மாறின நிமிஷம் அவனுக்கு முட்டி வலிக்கும், தோள் வலிக்கும், தம்பி செத்துப் போவான். உடனே மதிப்பு இறங்கிடும். ரசிகனுக்கு சீட்டு மேல காதல் வந்துட்டா, மனுஷன் எப்பவும் ஏமாத்தம்தான்.

ஹின்கி கணக்கு தப்புன்னு சொல்ல வரலை. சிக்ஸர்ஸ் வீழ்ந்ததுக்கு அவருக்குப் பின்னாடி வந்தவங்க பண்ணின தப்புகளும் காரணம், பிரிட்ஜஸை வித்ததே அவங்கதான். மட்டமா தோத்து, சீட்டு சேர்த்து மேல வந்தவங்களும் உண்டு. ஓக்லஹோமா சிட்டி 2021லயும் 2022லயும் தோத்து, 2025ல சாம்பியன் ஆனாங்க. ஆனா அவங்க சீட்டை மனுஷனா மாத்தினதும் அந்த மனுஷனை வெச்சுக்கிட்டாங்க.

சிக்ஸர்ஸ்? எம்பீட் 2023ல எம்.வி.பி. ஆனார், டீம் ரெண்டாவது சுற்றைத் தாண்டலை. 2013ல வித்த ட்ரூ ஹாலிடே 2021ல மில்வாக்கியோட ஒண்ணு, 2024ல பாஸ்டனோட ஒண்ணுன்னு ரெண்டு கோப்பை வாங்கிட்டார். லீக் 2019ல இருந்து கடைசி மூணு அணிக்கும் ஆளுக்கு 14 சதவீதம்னு கணக்கை மாத்திடுச்சு. 2024-25ல சிக்ஸர்ஸ் மறுபடி 24-58. மறுபடி லாட்டரி, 3வது இடம், வி.ஜே. எட்ஜ்கோம்ப், பஹாமாஸ் பையன்.

அந்த டிராஃப்ட் அன்னிக்கு சீனியர் அண்ணாகிட்ட இருந்து மெசேஜ். "ஷீட்டைத் திரும்பத் திறந்தாச்சு, அனுப்பவா?"

"வேண்டாம்ணா, அந்தப் பையன் ஆடின வீடியோ இருந்தா அனுப்புங்க"ன்னு பதில் போட்டேன்.

டிஸ்கி: பதிவு நீண்டு போச்சு, மன்னிக்கவும். சண்டை போட வர்ற லேக்கர்ஸ் ரசிகர்களுக்கு டீ உண்டு, பன் உங்க செலவு.