போர் விமானத் தெரிவு: இலங்கை

ஒரு நாடு தன் விமானப்படைக்கான போர் விமானங்களை உள்நாட்டில் உருவாக்குவதா, வெளியே வாங்குவதா என்று முடிவெடுப்பதே போர் விமானத் தெரிவு. விலையோடு உதிரிப்பாகம், விமானிப் பயிற்சி, விற்கும் நாட்டின் அரசியல் ஆகியவையும் அதைத் தீர்மானிக்கின்றன.

போர் விமானத் தொழிற்சாலை இல்லாத இலங்கை, இறக்குமதியையே நம்பியது. 1959இல் பிரித்தானிய ஜெட் புரோவோஸ்ட், 1971 கிளர்ச்சியின்போது சோவியத் மிக்-17, 1991இல் சீன எஃப்-7, 1996இல் இஸ்ரேலிய கிபிர், 2000இல் உக்ரைனிலிருந்து மிக்-27 என்று வரிசை நீள்கிறது. உள்நாட்டுப் போரின்போது வடக்கில் 'கிபிர்' என்ற சொல் கேட்டாலே மக்கள் பதுங்குகுழிக்கு ஓடிய காலம் உண்டு.

கிபிர் பிறந்ததே ஒரு தடையால்தான். 1967இல் பிரான்ஸ் இஸ்ரேலுக்கு ஆயுதத் தடை விதித்தது. எனவே பிரான்ஸின் மிராஜ் போர் விமான வடிவமைப்பைத் தழுவி இஸ்ரேல் சொந்த விமானத்தைக் கட்டியது. ஆனால் பொருத்தியது அமெரிக்க ஜே-79 இயந்திரம். அதனால் 1977இல் ஈக்வடோருக்கு விற்க முயன்றபோது அமெரிக்கா தடுத்துவிட்டது.

உருவாக்குவது, வாங்குவது என்ற இரு வழியிலும் இந்தியா சென்றது. 2016 ஜூலையில் உள்நாட்டுத் தேஜஸ் படையில் சேர்ந்தது. செப்டம்பரில் பிரான்ஸின் 36 ரஃபேல் விமானங்களை வாங்க ஒப்பந்தமானது. தேஜஸின் இயந்திரமும் அமெரிக்கத் தயாரிப்பே.

இலங்கை எடுத்தது மூன்றாவது வழி. 2021இல் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க, ஏறத்தாழ 5 கோடி டொலருக்கு இஸ்ரேலிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது.

கிபிர்களின் தளம் கட்டுநாயக்க.