புதுவையில் திடீர் மரணமும் உற்றார் உரிமையும்

எதிர்பாராவகையில் ஒருவன் இறந்துபட்டவிடத்து அவன் உடல் யாருக்கு உரியது என்னும் வினா எழுகின்றது. கொள்ளி வைத்து நீர்க்கடன் ஆற்றும் உரிமை மகனுக்கும் சுற்றத்தார்க்கும் உண்டென்பது நம்மவர் தொன்றுதொட்டுக் கொண்ட கொள்கை. காரணம் விளங்கும்வரை அவ்வுடல் தன் காவலில் இருத்தல் வேண்டும் என்பது அரசின் கொள்கை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணிய வரலாற்றைப் புதுவை நகரை நடுவாக வைத்து ஈண்டு ஆராய்வாம். புதுவையைக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. தமிழகத்தின் பிற பகுதிகள் ஆங்கிலச் சட்டத்தின்கீழ் இருந்தகாலை, இந்நகரம் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் இருந்தது. ஒரே குடும்பத்தினருள் கடலூரில் இறந்தாருக்கு ஒரு நெறியும், புதுவையில் இறந்தாருக்கு வேறொரு நெறியும் உரியவாயின.

ஐயத்துக்குரிய மரணத்தை ஆராய்தல் மேனாட்டார் கொணர்ந்த புதுவழக்கம் என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. கௌடலியரின் அர்த்தசாத்திரம் நான்காம் அதிகரணத்தின் ஏழாம் அத்தியாயம் திடீரென இறந்தாரைப் பற்றிய ஆராய்ச்சிக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. பிணத்தின்மீது எண்ணெய் பூசி ஆராய்க என்றும், கை கால் வீங்கிக் கண் விழித்துக் கழுத்தில் தழும்பு காணப்படின் மூச்சடக்கிக் கொல்லப்பட்டான் எனக் கொள்க என்றும், நஞ்சென ஐயுறின் எஞ்சிய உணவைப் பறவைக்கு இட்டும் நெஞ்சின் ஒரு கூற்றைத் தீயிலிட்டும் தெளிக என்றும் அது விதிக்கின்றது. வீட்டாரும் பணியாளரும் வினவப்படுவர். அந்நூல் உறவினரை உரிமையாளராகக் காணாது, சான்றாளராகவும் சில வேளைகளில் ஐயத்துக்குரியாராகவுமே காண்கின்றது. தற்கொலை செய்துகொண்டாரெனின் ஈமக்கடனும் மறுக்கப்படும்; அதனை ஆற்றிய சுற்றத்தானும் தண்டத்துக்கு உள்ளாவான். இத்தாலிய நாட்டுப் பொலோஞா நகரில் 1302-இல் நஞ்சூட்டப்பட்டார் என ஐயுறப்பட்ட ஒரு செல்வரின் உடலை மருத்துவர் அறுத்து நோக்கியதை மேனாட்டு வரலாற்றாசிரியர் ஒரு தொடக்கமாகக் கூறுவர். ஆண்டும் நீதிமன்றத்தின் ஆணையே முதன்மை பெற்றது.

இனிப் புதுவைக்கு வருவோம். ஈண்டு முதற்கண் நினைக்கத்தக்கவர் நயினியப்ப பிள்ளை. 1708 முதல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசியாக விளங்கிய இவர், ஆளுநர் எபேர் காலத்தில் 1716-இல் சிறைப்பட்டார். கொடுமை, ஆட்சிக்கு எதிரான கலகம் எனக் குற்றங்கள் சாட்டப்பட்டன. கடைத்தெருவில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல் ஆகியவற்றுடன் மைந்தர் நாடுகடத்தப்பட வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. 1717-இல் அவர் சிறையிலேயே உயிர் துறந்தார். சிறைக்குள் நேரும் மரணத்தில் உடலும், சான்றும், சான்றுகூற வல்லாரும் ஒருங்கே காவலர் கையில் இருப்பர். உறவினர்க்கு வாயிற்கதவுக்கு வெளியே நிற்பதன்றி வேறு இடமில்லை.

மைந்தர் வாளாவிருந்தாரல்லர். மூத்தவராகிய குருவப்ப பிள்ளை கடல் கடந்து பிரான்சு சென்று அரசின் முன் முறையிட்டார். பாரிசு நகரில் கிறித்தவ சமயம் புகுந்தார்; அரசப் பிரதிநிதியாகிய ஓர்லியான் கோமகனே அவர்க்கு ஞானத்தந்தையாக நின்றார்; செவாலியே பட்டமும் கிடைத்தது. தந்தைமீது சுமத்தப்பட்ட தீர்ப்பு நீக்கப்பட்டது. 1722-இல் அவர் புதுவை மீண்டு தந்தையின் பதவியையே பெற்று, 1724-இல் காலமானார்.

இவ்வழக்கின் சட்டப் பின்னணி நோக்கத்தக்கது. அக்காலப் பிரெஞ்சுக் குற்றவியல் நடைமுறைக்கு அடிப்படையாயிருந்தது பதினான்காம் லூயி 1670-இல் பிறப்பித்த கட்டளை. அதன்கண் இறந்தார் பிணத்தின்மீதே வழக்கு நடத்தும் முறையும் உண்டு. தண்டனை பெற்று இறந்தாரின் நினைவைத் தூய்மை செய்ய மனைவி மக்கள் முறையிடும் முறையும் உண்டு. வழக்கில் நேர்நில்லாது தீர்ப்புப் பெற்று இறந்தாரைக் கருதியே பின்னது விதிக்கப்பட்டதெனினும், அதனுள் உறையும் எண்ணம் பெரிது. இறந்தார்க்கும் பெயர் உண்டு. அப்பெயர் மக்களின் உடைமை. குருவப்பர் வென்றது இப்பெயரையே. தந்தை எவ்வாறு இறந்தார் என்பதை அறியும் உரிமை அவ்வெற்றியுள் அடங்கவில்லை. வரலாற்றாசிரியர் பலரும் இவ்வழக்கை மைந்தரின் முழுவெற்றியாகவே எழுதிச் செல்கின்றனர். என் கருத்தில் அது பாதி வெற்றியே.

1819-ஆம் ஆண்டுச் சனவரித் திங்களில் பிரெஞ்சுச் சட்டத்தொகைகள் புதுவையில் பிரகடனம் செய்யப்பட்டன. இந்தியர் தத்தம் சட்டங்களாலும் சாதி வழக்கங்களாலும் முன்போலவே நெறிப்படுத்தப்படுவர் என்று அவ்வாணையே உறுதி கூறியது. இந்தியர்க்கான குடிப்பதிவு முறை 1880-இல் ஆணைவழி ஒழுங்குபெற்றது. குடியியல் தொகையின் 77-ஆம் பிரிவு, பதிவு அலுவலரின் இசைவின்றி அடக்கம் செய்தல் ஆகாதென்றும், அவர் நேரிற் சென்று மரணத்தை உறுதிசெய்து இருபத்துநான்கு மணி நேரம் கழிந்த பின்னரே இசைவு தரல் வேண்டுமென்றும் கூறும். காவல் விதிகளால் விலக்குப் பெறும் இடமும் அதில் உண்டு. உயிருள்ளாரைத் தவறிப் புதைத்துவிடுவோமோ என்னும் ஐரோப்பியர் அச்சம் இதன் வேர். பொழுது சாயுமுன் சுடலை சேர்த்தலே மரியாதை எனக் கருதும் நம் குடிகளுக்கு அது எத்துணை அயலானது என்பது சொல்லாமலே விளங்கும். 81-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. வன்முறைக்குறியோ பிற ஐயக்குறியோ காணப்படின், காவல் அலுவலர் மருத்துவருடன் வந்து உடலின் நிலையை எழுத்தில் பதியுமட்டும் அடக்கம் கூடாது. ஆகவே காரணம் அறியும் கடமை அரசினுடையதாயிற்று. உற்றாரோ, மரணத்தை அறிவிக்கும் சாட்சியராக மட்டும் 78-ஆம் பிரிவில் இடம்பெற்றனர்.

ஆராய்ச்சி மாணவர் ஒன்றைக் குறித்துக்கொள்ளல் நன்று. அத்தொகையின் 85-ஆம் பிரிவின்படி, வன்மரணம், சிறை மரணம், தூக்குத்தண்டனை ஆகியவற்றுள் எதுவாயினும் அந்நிலை பதிவேட்டில் குறிக்கப்படலாகாது. குடும்பத்தின் மானம் காத்தற்கு எழுந்த விதி இது. புதுவைப் பதிவேடுகளைப் புரட்டி, வன்மரணம் இங்கு அரிது எனத் துணிவார் பிழைபடுவர். பெயரைக் காத்த அதே விதி காரணத்தை மறைத்தது. குருவப்பர் பெற்ற பாதி வெற்றி ஈண்டுச் சட்டமாகவே உருக்கொண்டது எனலாம்.

மருத்துவர் இன்றிப் பிணக்கூறாய்வு இல்லை. புதுவையில் மருத்துவப்பள்ளி 1823-இலேயே தோன்றியது. அதன் வழிவந்ததே 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும் 1964-இல் சிப்மர் எனவும் பெயர்பெற்ற நிறுவனம். சொல்லைப் பற்றியும் ஒன்று கூறலாம். மக்கள் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்பர்; அலுவலக வழக்கு ‘பிரேத பரிசோதனை’. பிரேதம் என்பது வடமொழியில் பிணத்தை மட்டுமன்றி, சபிண்டீகரணம் முடியுமட்டும் முன்னோரோடு சேராது இடைநிற்கும் உயிரையும் குறிக்கும். கடன் முடியாத நிலை என்னும் பொருள் அவ்வலுவலகச் சொல்லுள் ஒளிந்துகிடக்கின்றது.

1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16-இல் சட்டமுறைப்படி இணைப்பு முற்றுப்பெற்றது. பின்னர் இந்தியக் குற்றவியற் சட்டங்கள் புதுவைக்கு விரிந்தன. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைத் தொகையின் 174-ஆம் பிரிவு ஐயமரணங்களைக் காவலர் ஆராயவும், 176-ஆம் பிரிவு நடுவர் ஆராயவும் வகைசெய்தன. காவலில் நேரும் மரணத்தை நீதித்துறை நடுவரே ஆராய்தல் வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுத் திருத்தம். 2024 சூலை முதல் இவை புதிய தொகையில் 194, 196 ஆகிய பிரிவுகளாயுள்ளன. 2020-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, காவல் மரணங்களில் ஆய்வைப் படம்பிடித்தல், உடலை உறவினர்க்குக் காட்டுதல், அறிக்கைப் படி தருதல், நீதிமன்றம் செல்ல விழைவாரெனின் நாற்பத்தெட்டு மணி நேரம் உடலைப் பிணவறையில் காத்தல் ஆகியவற்றை வற்புறுத்தியது. புதுவையும் அவ்வுயர்நீதிமன்றத்தின் எல்லைக்குட்பட்டதே.

நடுவர் விசாரணைபற்றி, முடிந்தவிடத்தெல்லாம் உறவினர்க்கு அறிவித்து அவர்களை உடனிருக்க விடுதல் வேண்டும் என்பது 1973-இன் விதி. உறவினர் யாவர் என்பதையும் அவ்விதியே வரையறுத்தது: பெற்றோர், மக்கள், உடன்பிறந்தார், வாழ்க்கைத்துணை. இவ்வரையறையின்படி குருவப்ப பிள்ளை தந்தையின் மரண விசாரணையில் அமர்ந்திருக்கலாம். நயினியப்பரோடு சிறைப்பட்ட மைத்துனர் திருவேங்கடம் பிள்ளைக்கும், அன்று சிறுவராயிருந்து பின்னாளில் நாட்குறிப்பால் அக்குடும்பத்தின் பெயரை நிலைநிறுத்திய அவர் மகன் ஆனந்தரங்கருக்கும் அதன்கண் இடமில்லை.